பூட்டித் தந்த கத்தி

சதீசனின் மனைவி கஜானி வேலிக் கடப்படியில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. முன்பெல்லாம் கூப்பிடாமலே குசினி வரைக்கும் வந்து, சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்து, "இண்டைக்கும் திரளி மீனா அக்கா?" என்று கேட்கிறவள்.

"இவரு நாளைக்குப் பின்னேரம் மாங்கேணிக்குப் போறாரு அக்கா. என்ட மாமாட போட்டுக்கு ஆள் தேவையாம். அங்கயே தங்கித் தொழில் பார்க்கப்போறாரு. அந்தக் குறட்ட வாங்கிட்டு வரச் சொன்னாரு."

"எந்தக் குறடு?" என்றாள் இமெல்டா, தெரிந்துகொண்டே.

"கட்டார்க் குறடு."

"இப்பவே வேணுமா புள்ள?"

"நாளைக்குப் பஸ்ஸுக்கு முன்னம் தந்தாப் போதும்."

கஜானி போய்விட்டாள். இமெல்டா கடப்புக் கம்பைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். குறடு போவதைப் பற்றி அவளுக்கு ஒன்றுமில்லை. 'அங்கயே தங்கி' என்ற சொல்தான் முள் மாதிரிக் குத்தியது.

கட்டார்க் குறடு என்பது கஜானியின் தம்பி கட்டாரிலிருந்து அனுப்பிய ஒரு கைக்கருவி. பார்த்தால் குறடு. ஆனால் அதன் இரண்டு பிடிகளுக்குள்ளும் கத்தி, சின்ன வாள், கத்தரிக்கோல், திருப்புளி, பேணி திறக்கிற அலகு எல்லாம் மடங்கிக் கிடக்கும். வேண்டியதை நகத்தால் கிளப்பி எடுக்கலாம். சதீசன் அதை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் திரிவான். கோயிலுக்குப் போகும்போது மட்டும் அவிழ்த்து வைப்பான், அதுவும் அரைமனதோடு என்று கஜானி பகிடி பண்ணுவாள்.

இமெல்டாவின் கணவன் ஜூலியனும் சதீசனும் ஒரே மீன்பிடி போட்டில் தொழில் செய்தவர்கள். போட்டில் பாதி இவருடையது, பாதி அவனுடையது. ஒருநாள் விடியப்புறம் முகத்துவாரத்துப் பக்கம் வலை இஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டது. பின்னணியத்தில் குந்தியிருந்த சதீசன் கட்டார்க் குறட்டால் வலையை அறுத்தெடுத்தான். முன்னுக்கு நின்ற ஜூலியன் ஒரு கையால் நங்கூரக் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமலே மற்றக் கையைப் பின்னால் நீட்டிக் கத்தியைக் கேட்டார். சதீசன் கொடுத்தான். ஜூலியன் பொத்திப் பிடித்தது திறந்த அலகை.

விரல் போகவில்லை. அதற்கு இமெல்டா அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தியாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் நரம்பைத் தேடிப் பிடித்துத் தைத்தார்கள். இப்போது ஜூலியன் ஓர் எலுமிச்சங்காயை உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து பிசைந்து பயிற்சி செய்கிறார். காய் நன்றாகக் கனிந்ததும் இமெல்டா அதை வாங்கித் தேசிக்காய்த் தண்ணி போட்டுவிடுவாள். சுட்டுவிரல் முழுதாக மடங்காது, பாதியில் நின்றுகொள்ளும். மற்றபடி கை கைதான்.

ஆறாதது வேறொன்று. "பூட்டிட்டன் எண்டு சொல்லிப்போட்டுத் திறந்த கத்தியக் கையில வச்சவன்" என்பது ஜூலியன் ஊரெல்லாம் சொன்ன கதை. "நான் பூட்டித்தான் குடுத்த" என்பது சதீசன் சொன்ன கதை. இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்பதில் கல்லடிக் கரையில் யாருக்கும் சந்தேகமில்லை. எவர் என்பதில்தான் கரை இரண்டாகப் பிரிந்திருந்தது. போட் பூவரச மரத்தின் கீழே கவிழ்ந்து கிடந்தது. ஜூலியனோடு சேர்ந்து தொழில் செய்யக் கேட்டு வந்தவர்கள் உண்டு. ஒருவர் வாய்க்காரர், ஒருவருக்குத் தண்ணியைக் கண்டால் நித்திரை, இன்னொருவரின் வெற்றிலைச் சாறு வலையெல்லாம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார். அவர்களில் யாரும் சதீசன் இல்லை என்பதுதான் குறை என்று இமெல்டாவுக்கு விளங்கியது. சொன்னால் சண்டை வரும் என்று சொல்லாமலிருந்தாள்.

கை வெட்டுப்பட்ட அன்று போட்டிலிருந்து ஜூலியனின் சட்டையோடு சேர்த்துக் கொண்டுவந்த குறட்டை ஒரு துவாயில் சுற்றிப் பிஸ்கட் பேணிக்குள் போட்டவள் அவள்தான். பிறகு அந்தப் பேணியை யாரும் திறக்கவில்லை. இப்போது திறந்தாள். குறட்டின் வாய் துருப்பிடித்து இறுகி, அசைய மறுத்தது. கத்தி மட்டும் முக்கி முனகிக்கொண்டு கொஞ்சம் வந்தது.

"அப்படியே குடு," என்றார் ஜூலியன், எட்டிப் பார்த்துவிட்டு. "அவன்ட சாமான். அவன் பார்த்துக்குவான்."

"நல்லா இருந்த சாமான் நம்மட வீட்டில துருப்பிடிச்சுப் போச்சு எண்டு சொல்லவா? மாங்கேணி வரைக்கும் நம்மட பேர் நாறணுமா?"

"அதுக்கு?"

"கழட்டித் துப்புரவாக்கிக் குடுக்கிற. நான் தையல் மெஷின் கழட்டாத ஆளா?"

அவளுடைய தையல் மெஷினை அவளே கழற்றி, எண்ணெய் விட்டு, மறுபடி ஓட வைப்பாள். அந்தத் துணிச்சலில் சொன்னாள். ஆனால் மனதுக்குள் வேறொரு கணக்கும் இருந்தது. நல்லபடி துடைத்த குறட்டைக் கையில் கொடுக்கும்போது, கூடவே இரண்டு வார்த்தை சொல்ல ஒரு வழி பிறக்கும். துருப்பிடித்ததைக் கொடுத்தால் அதுவே கடைசி வார்த்தையாகப் போய்விடும்.

அன்று பின்னேரமே வெந்நீரில் சவர்க்காரம் கரைத்துக் குறட்டை ஊறப்போட்டாள். பழைய பல் தூரிகையால் இடுக்கெல்லாம் தேய்த்தாள். உள்ளேயிருந்து ஒரு கறுப்புக் கறை கரைந்து வந்தது. அது வெறும் துருவாக இருக்காது என்று அவளுக்குத் தெரியும். ஜூலியன் பார்ப்பதற்கு முன் வாழையடியில் ஊற்றிவிட்டாள். துடைத்து வெயிலில் காயவைத்து, மூட்டுகளில் மெஷின் எண்ணெய் சொட்டுச் சொட்டாக விட்டு, விடியும் வரை ஊறட்டும் என்று வைத்தாள்.

மூட்டு ஆணிகளின் தலையில் நட்சத்திரம் போல ஒரு குழி. வீட்டிலிருந்த எந்தத் திருப்புளியும் அதற்குள் போகாது. காலையில் ஜூலியனைப் பாலம் தாண்டி டவுனில் போன் திருத்துகிற நௌஷாட்டின் கடைக்கு அனுப்பினாள். போகமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே சைக்கிளை எடுத்தார். திரும்பி வந்தவர் நட்சத்திர மூக்குள்ள சாவிகளை மேசையில் வைத்தார்.

"என்ன சொன்னான் நௌஷாட்?"

"ஆணிக்குப் பசை போட்டிருப்பானாம். சூடு காட்டாம முறுக்கினா ஆணித் தலை மொட்டையாப் போகுமாம்." கொஞ்சம் நிறுத்தி, விருப்பமில்லாமல் மிச்சத்தையும் சொன்னார். "கட்டார்க் குறடு எண்டதும், 'குறட்ட விடுங்க அண்ண, முதல்ல உங்க ரெண்டு பேரையும் கழட்டித் துடைக்கணும்' எண்டான்."

இமெல்டா சிரிப்பை அடக்கிக்கொண்டு துணி தேய்க்கிற அயனைச் சூடாக்கினாள். அதன் மூக்கை ஒவ்வோர் ஆணித் தலையிலும் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தாள். குறடு கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் அறைக்குள் கொண்டுபோனாள்.

கட்டிலில் வெள்ளை விரிப்புப் போட்டு, நுளம்பு வலையை இறக்கி, நாலு பக்கமும் மெத்தைக்குக் கீழே செருகியிருந்தாள். சின்னச் சாமான் கழற்றுகிற வேலை என்றால் அவளுக்கு நுளம்பு வலைக்குள்தான். ஒருமுறை தையல் மெஷினின் சுருள்வில் ஒன்று துள்ளிப் பறந்து, வீடெல்லாம் கூட்டிப் பார்த்தும் கிடைக்காமல், கோழி தின்றிருக்க வேண்டும் என்று முடிவுகட்டிய நாளிலிருந்து வந்த பழக்கம் இது. உள்ளே ஒரு பலகை. பக்கத்தில் இடியப்பத் தட்டுகள் வரிசையாக. கழற்றுகிற ஒவ்வோர் அடுக்கும் ஒவ்வொரு தட்டில். கடைசியாக நிரம்பிய தட்டிலிருந்து பின்பக்கமாக வந்தால் திரும்பப் பொருத்திவிடலாம். எதற்கும் போனில் ஒரு படமும் எடுத்து வைத்தாள்.

"நுளம்பு வலைக்குள்ள குடும்பம் நடத்துறது போதாதெண்டு இப்ப வேர்க்‌ஷொப்பும் போட்டாச்சு," என்றார் ஜூலியன்.

"கதைய விட்டுட்டுக் கண்ணாடியப் போடுங்க. வில்லு துள்ளினா நேரே கண்ணுக்குத்தான் வரும்."

அவள் தைக்கும்போது போடுகிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். ஜூலியனுக்கு இருந்தது வெயிலுக்குப் போடுகிற கறுப்புக் கண்ணாடி ஒன்றுதான். அதை மாட்டிக்கொண்டு, வலைக்கு வெளியே நின்று இடக்கையால் டோர்ச் பிடித்தார்.

குறட்டை உள்ளங்கையில் வைத்துச் சாவியை அழுத்தக்கூடாது, வழுக்கினால் கைக்குள் இறங்கும் என்று இமெல்டாவுக்குத் தெரியும். பலகையில் வைத்து, துணி மடித்து அண்டை கொடுத்தாள்.

"பொறு," என்றார் ஜூலியன். "முதல்ல கத்தியப் பூட்டு. மறுகாதான் ஆணி." சொல்லிவிட்டு மங்கிய டோர்ச்சைத் தட்டிச் சரிபண்ணத் திரும்பினார்.

இமெல்டா தலையாட்டினாள். கத்தியின் முதுகை நகத்தால் கிளப்பி, மெதுவாக விரித்தாள். எண்ணெய் ஊறியிருந்ததால் வந்தது. முழுதாக விரிந்ததும் உள்ளேயிருந்த சின்னத் தகடு 'டக்' என்று வந்து அடியில் விழுந்தது. இனி அது தானாக மடங்காது. வெட்டுகிற சாமான் எதையும் மேலே ஏதாவது சுற்றாமல் அவள் கையாளமாட்டாள். அலகு முழுக்கப் பிளாஸ்டர் சுற்றினாள். பிறகு ஆணியில் சாவியை வைத்தாள். குறடு அசைந்தது.

"மற்றப் பக்கத்த ஒருக்காப் பிடிங்க."

ஜூலியன் திரும்பி, வலையைத் தூக்கிக் கையை உள்ளே விட்டார். பிளாஸ்டர் சுற்றிய அலகு அவருடைய மணிக்கட்டில் முட்டியது. கையை இழுத்த வேகத்தில் டோர்ச் தரையில் விழுந்து உருண்டது. வெட்டவில்லை, கீறவும் இல்லை. ஆனால் முகம் வெளிறிப் போயிற்று.

"என்ன கா செய்யிற? பூட்டச் சொன்ன நான்."

"பூட்டித்தானே வச்சிருக்கன்."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை இமெல்டாவின் காதிலேயே விழுந்தது. அது அவளுடைய வார்த்தை மாதிரியே இல்லை. கரையிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் சதீசன் சொல்லிச் சொல்லி ஊரே பாடமாக்கிய வார்த்தை. ஜூலியனும் அதைக் கேட்டுவிட்டார். வலையைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"இது பூட்டினதா?" என்று மெல்லக் கேட்டார்.

"டக் எண்டு பூட்டு விழுந்துட்டுதே. இனி அமத்தினாலும் மடங்காது. பூட்டு எண்டா அதுதானே?"

"கதவப் பூட்டு எண்டா திறந்து வைக்கிறதா? பெட்டியப் பூட்டு, கடையப் பூட்டு, பூட்டுறதெண்டா மூடுற. கத்தியப் பூட்டு எண்டா மடக்கி உள்ள வை எண்டு."

"அது கதவு. இதுக்குப் பூட்டு எண்டே ஒரு சாமான் இரிக்கே. திறந்து வச்சாத்தான் அது பூட்டும்."

ஜூலியன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். வெளியே ஐஸ்கிறீம்காரனின் பாட்டு வந்து, ஒழுங்கைத் திருப்பத்தில் தேய்ந்து போயிற்று.

"அண்டைக்கு நீங்க என்ன கேட்டீங்க? அச்சொட்டாச் சொல்லுங்க."

"ஒரு கையில கயிறு கிடக்கு, கத்தியப் பூட்டித் தா எண்டு கேட்ட."

"ஒரு கையில கயிறப் பிடிச்சிட்டு நிக்கிற ஆளுக்கு மடக்கின கத்தியத் தந்து என்ன செய்யிற? எப்படித் திறப்பீங்க?"

"பல்லால."

"பல்லால."

"எப்பவும் பல்லாலதான் திறக்கிற," என்றார் ஜூலியன். ஆனால் குரல் இறங்கிவிட்டது. "அது அவனுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று இருவருக்கும் தெரிந்தது. ஜூலியன் பல்லால் திறந்தது தன்னுடைய பழைய மடக்குக் கத்தியை. கட்டார்க் குறடு வந்தது பிறகு.

"எழும்பிப் போய்க் கேளுங்க," என்றாள் இமெல்டா. "அஞ்சு வீடு தள்ளித்தானே."

"என்னெண்டு கேக்கிற? இவ்வளவு காலமும் ஊரெல்லாம் பொய்யன் எண்டு சொல்லிப்போட்டு?" அவர் வலையின் ஓரத்தை விரலால் சுருட்டினார். "முதல்ல இதக் கழட்டி முடி. குறட்டக் குடுக்கப் போகக்குள்ள கேக்கிறன்."

அவர் தள்ளிப்போடுகிறார் என்று தெரிந்தாலும் இமெல்டா வற்புறுத்தவில்லை. இன்று கேட்பார். அந்த அளவுக்கு அவளுக்கு அவரைத் தெரியும். நெஞ்சுக்குள் இத்தனை நாளும் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து நின்றுகொண்டது போலிருந்தது. போக இன்னும் வழி பார்த்துக்கொண்டிருந்தது.

பிளாஸ்டரை உரித்து, தகட்டை ஒதுக்கி, கத்தியை மடக்கினாள். "மடக்கிட்டன்," என்று சொல்லிக் காட்டினாள். ஜூலியன் குனிந்து பார்த்து, "ஓம், மடக்கியிருக்கு," என்றார். வலைக்குள் ஏறி வந்து, கறுப்புக் கண்ணாடியோடு சப்பணம் கட்டி உட்கார்ந்து, குறட்டின் மற்றப் பிடியைப் பலகையோடு சேர்த்து அமர்த்தினார்.

ஆணி முதலில் அடம் பிடித்தது. பிறகு சின்னதாக ஒரு முனகல். பிறகு சுகமாகச் சுழன்றது. முதல் தட்டில் ஆணி. அடுத்த தட்டில் வாசர். கத்தியை முதுகுப் பக்கமாகப் பிடித்து எடுத்து உடனே துணியில் சுற்றினாள். வாள், பேணி திறக்கிற அலகு, திருப்புளி என்று ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்ததோ அந்தப் பக்கமாகவே தட்டில் வைத்தாள். கத்தரிக்கோலைக் கிளப்பும்போது அதன் வில் சட்டென்று துள்ளியது. இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். திறந்து பார்த்தபோது அது தலைக்கு மேலே வலையில் சிக்கி, பிடிபட்ட இறால் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

"இப்ப விளங்குதா ஏன் வலை எண்டு?"

"வலை போடுறது எனக்குச் சொல்லித் தாறா," என்றார் ஜூலியன். வில்லை அவரே பிடித்துக் கொடுத்தார்.

குறட்டின் வாயைப் பிரித்ததும் காரணம் வெளியே வந்தது. மூட்டுக்குள் மணலும் ஒரு துண்டுச் சிப்பியும் எண்ணெயோடு குழைந்து கல் போல இறுகிக் கிடந்தன. இமெல்டா ஊசி முனையால் அதைக் கிண்டி எடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது யன்னலுக்கு வெளியே ஒரு நிழல் விழுந்தது.

"அக்கா, அந்தக் குறடு..." என்று தொடங்கிய சதீசனின் குரல் பாதியில் நின்றது. யன்னலின் ஊடாக அவனுக்குத் தெரிந்தது இதுதான்: பட்டப்பகல், இறக்கிய நுளம்பு வலை, உள்ளே புருஷனும் பெண்சாதியும், புருஷன் கறுப்புக் கண்ணாடியோடு. அவன் சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டான்.

"நான் மறுகா வாறன் அக்கா."

"ஓடாதீங்க தம்பி. உள்ள வாங்க. உங்கட குறடுதான் இஞ்ச படுத்திருக்கு."

அவன் தோளில் பையோடு தயங்கித் தயங்கி அறை வாசலுக்கு வந்தான். இடியப்பத் தட்டுகளில் துண்டு துண்டாகக் கிடந்ததைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது.

"கழட்டிட்டீங்களா? எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகுதே அக்கா."

இமெல்டா திரும்பி ஜூலியனைப் பார்த்தாள். அவர் தொண்டையைச் செருமினார். எலுமிச்சங்காய் இல்லாமலே வலக்கை பிசைந்துகொண்டிருந்தது.

"சதீசன்," என்றார்.

அந்தப் பெயரை அவர் வாயால் கேட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. சதீசன் கதவு நிலையில் கைவைத்து நின்றான்.

"அண்டைக்கு நான் உன்னிட்ட என்னடா கேட்ட?"

"கத்தியப் பூட்டித் தா எண்டு கேட்டீங்க."

"நீ என்ன செய்த?"

"பூட்டித் தந்த." கழுத்து விறைத்தது. "இதத்தான் நான் எல்லா இடமும் சொல்லுற. நீங்கதான் என்னப் பொய்யனாக்கின."

"தம்பி, கோவிக்காதீங்க," என்றாள் இமெல்டா. "ஒரே ஒரு விசயம். பூட்டுறதெண்டா எப்படி? கையால செய்து காட்டுங்க."

சதீசனுக்கு விளங்கவில்லை. இருந்தாலும் இடக்கையைப் பிடியாக வைத்து, வலக்கைச் சுட்டுவிரலைக் கத்தியாக விரித்து, நேரே நீட்டி விறைப்பாக நிறுத்தினான். "இப்படி. டக் எண்டு சத்தம் கேக்கணும். மச்சான் கட்டார்ல இருந்து வீடியோவில காட்டித் தந்த. பூட்டாமப் பாவிச்சா மடங்கிக் கைய வெட்டிப்போடும் எண்டு."

ஜூலியன் தன் வலக்கையைத் தூக்கினார். "எனக்குப் பூட்டுறதெண்டா இது," என்று சுட்டுவிரலை மடக்கினார். விரல் பாதி தூரம் போய் நின்றுகொண்டது. மிச்சத்தை இடக்கையால் தள்ளி உள்ளங்கைக்குள் வைத்துக் காட்டினார்.

சதீசன் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுடைய விரல் இன்னும் நீட்டியபடியே இருந்தது. இரண்டு விரல்களும் இரண்டு பூட்டு.

"மடக்கித் தரவா சொன்னீங்க?" என்றான் கடைசியில். "ஒரு கையில கயிறு எண்டீங்க. மடக்கின கத்திய வச்சு நீங்க என்ன செய்யிற எண்டுதானே நான் பூட்டித் தந்த. பிடியத்தான் அண்ண நீட்டின நான். அந்த நேரம் பார்த்துப் போட் சரிஞ்சிட்டு."

"பல்லால திறப்பாராம்," என்றாள் இமெல்டா.

"பல்லாலயா?"

"ஓம்டா, பல்லாலதான்," என்றார் ஜூலியன். "நீ பூட்டித்தான் தந்திருக்காய். நானும் பூட்டத்தான் கேட்ட." பிறகு குரலைத் தாழ்த்தி, "பொய்யன் எண்டது என்ட பிழை. கரையில எல்லாருக்கும் சொல்லுவன்," என்றார்.

சதீசன் பையைத் தோளிலிருந்து இறக்கித் தரையில் வைத்தான். அங்கேயே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தான். இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நெடுந்தூரம் தண்டு வலித்து வந்தவன் கரையில் இருப்பது போல இருந்தான்.  

"அண்ண," என்றான் கொஞ்ச நேரத்தில்.

"என்ன?"

"உள்ள வெயிலா?"

ஜூலியன் அப்போதுதான் கறுப்புக் கண்ணாடியை உணர்ந்து கழற்றினார். இமெல்டாவுக்கு அடக்க முடியவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது; வந்த தண்ணீர் சிரிப்புக்கு மட்டுமானதல்ல என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்து வைத்தாள்.

துப்புரவு வேலை முடிந்தது. மூட்டுகளுக்கு ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைத்தாள். "இனிப் பூட்டலாம்," என்றார் ஜூலியன்.

"எந்தப் பூட்டு?" என்று சதீசனும் இமெல்டாவும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"பொருத்துற பூட்டு," என்றார் அவர், நொந்துபோய். "இந்தச் சொல்ல வச்சுக்கொண்டு இவ்வளவு காலமும் நாம எப்படித் தொழில் செய்தமோ தெரியல்ல."

சதீசனும் வலைக்குள் வந்து ஓர் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்தான். கடைசித் தட்டிலிருந்து பின்பக்கமாக ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். ஜூலியன் பிடித்துக்கொண்டார். இமெல்டா பொருத்தினாள். பாதியில் ஒரு வாசர் மிஞ்சியது. மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனிலிருந்த படத்தை விரித்து விரித்துப் பார்த்தும் பிடிபடவில்லை. பிறகு சதீசன்தான் அதைத் தூக்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, "அக்கா, இது குறட்டிட வாசர் இல்ல. இதில நூல் சுத்தியிருக்கு," என்றான். தையல் மெஷினுக்குச் சொந்தமான வாசர், எப்போதோ விரிப்பின் மடிப்பில் கிடந்தது. இமெல்டா நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அந்த நேரம் சதீசனின் சட்டைப்பையில் போன் அடித்தது. கஜானி. அவன் ஒலிபெருக்கியில் போட்டான்.

"எங்க நிக்கிறீங்க? பஸ் இப்ப வந்திரும். குறட்ட வாங்கிட்டீங்களா?"

"இன்னும் பூட்டல்ல," என்றான் சதீசன்.

"என்ன பூட்டல்ல?"

"குறடு."

"குறட்ட ஏன் பூட்டணும்? திறந்தா கிடக்கு? வெட்டிப்போடும், கவனம்." அவள் குரலில் பயம் தெரிந்தது. "சண்டை ஒண்டும் பிடிக்கலியே?"

வலைக்குள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாருக்கும் வாய் திறக்க முடியவில்லை. திறந்தால் சிரிப்பு வந்துவிடும். கடைசியில் இமெல்டாதான் போனை வாங்கினாள்.

"இஞ்ச வா புள்ள," என்றாள். "கடப்படியில நிக்காம நேரே குசினிக்கு வா. திரளிதான். பஸ் போகட்டும்."

 "வாறன் அக்கா," என்றாள் கஜானி. பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

கடைசி ஆணியையும் இறுக்கிய பிறகு இமெல்டா குறட்டின் வாயைத் திறந்து மூடிப் பார்த்தாள். எண்ணெய் போல ஓடியது. கத்தியை விரித்தாள், டக். மடக்கினாள். ஜூலியன் அதை வாங்கிப் பிடித்தார்.

"மடக்கிட்டன்," என்று சொல்லி நீட்டினார்.

சதீசன் கையை நீட்டினான். ஆனால் முதலில் பார்த்தான். பிறகுதான் வாங்கினான்.